நஞ்சு தந்த விதையில்லாக் கனி

நேயர்களே, திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த பற்றைகளில் படரும் கார்த்திகைப் பூவை நீங்கள் அறிவீர்கள். அதன் கிழங்கை உண்டு மாண்டோர் உளர். அந்த நஞ்சே கொல்கிசின். கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறம் இழுக்கும் கதிர் உருவாகாமல் அது தடுக்கிறது. இரட்டித்தவை ஒரே கலத்தில் தங்கிவிடுகின்றன. பயிர்விருத்தியாளர் 1937இல் இதனை அறிந்தனர்.

யப்பானிய அறிஞர் கிகாரா, வத்தகையின் 22 நிறமூர்த்தங்களை இவ்வாறு 44 ஆக்கி, அச்செடியைச் சாதாரண வத்தகையோடு கலந்து, 33 உடைய மும்மடியத்தைப் பெற்றார். ஆய்வை 1951இல் வெளியிட்டார். மூன்று தொகுதிகள் சமமாய்ப் பிரிய இயலாமையால் விதை முதிர்வதில்லை.

நம் மொந்தன் வாழையும் 33 கொண்ட, இயற்கை ஈந்த மும்மடியமே. ஆனால் வாழையடியில் கன்று உண்டு, வத்தகைக்கு இல்லை. ஆகவே உழவர் போகந்தோறும் புதுவிதை வாங்கவேண்டும். விதையில்லாச் சுவைக்கு அவர் கொடுக்கும் விலை அதுவே.