சம்பளம் இல்லாத பைலட் வேலை! சேருவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

விழுப்புரம்,-

விழுப்புரத்தில் விமான நிலையம் கிடையாது. திண்டிவனத்திலும் கிடையாது. பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. அதை விட்டால் சென்னை மீனம்பாக்கம்.

உளுந்தூர்பேட்டையில் 2-வது உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே பயணிகள் விமானம் எதுவும் வருவதில்லை.

ஆனாலும் இந்த இரண்டு ஊரிலும் கம்ப்யூட்டரும், இன்டர்நெட்டும் வைத்திருக்கும் வாலிபர் ஒருவர், இன்று ராத்திரியே ஒரு விமான கம்பெனியில் "பைலட்" ஆகி விடலாம். சம்பளம் ஒரு பைசா கிடையாது. சேருவதற்கு கட்டணமும் ஒரு பைசா கிடையாது.

யாராவது கட்டணம் கேட்டால்? அங்கேதான் உஷார் ஆக வேண்டும்!

அது என்ன கம்பெனி?

விமானம் ஓட்டுவது போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு "பிளைட் சிமுலேட்டர்" என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982-ம் ஆண்டு முதல் பதிப்பை வெளியிட்டது. அதில் நாலு கோடும், ஒரு பச்சைத் தரையும்தான் இருந்தது.

2020 ஆகஸ்டில் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தையே காட்டி விட்டார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் இருந்து பிரிந்து போகும் தண்டவாளங்களை மேலே இருந்து பார்க்கலாம். 2024 நவம்பரில் அடுத்த பதிப்பும் வந்தது. "எக்ஸ்-பிளேன்" என்ற இன்னொரு சிமுலேட்டரும் உண்டு.

ஆனால் எத்தனை நாளைக்குத்தான் தனி ஆளாக சுற்றுவது? அலுத்து விடும்.

இப்படி அலுத்துப் போனவர்கள் கூடி உருவாக்கியதுதான் "விர்ச்சுவல் ஏர்லைன்". அதாவது கற்பனை விமான கம்பெனி. அதற்கு கால அட்டவணை உண்டு. விமான நம்பர் உண்டு. உறுப்பினர் ஒரு விமானத்தை தேர்ந்தெடுத்து, வீட்டில் இருந்தபடியே ஓட்ட வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு எரிபொருள், தரையில் எத்தனை பலமாக இடித்து இறங்கியது என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன புரோகிராம் குறித்துக் கொண்டு கம்பெனிக்கு அனுப்பி விடும். பறந்த மணி கூடக் கூட பதவி உயரும்.

தலைக்கு மேலே ரூட்!

சென்னையில் இருந்து திருச்சிக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது திண்டிவனத்தையும், விழுப்புரத்தையும் அப்படியே தொட்டுக் கொண்டு போகும். மொத்த தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர்.

ஏ.டி.ஆர். ரக விமானம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் திண்டிவனத்தை தாண்டிய நாலரை நிமிஷத்தில் விழுப்புரம் வந்து விடும்!

எனவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த கம்பெனியின் அட்டவணையில் நமக்கு பிடித்த ரூட் இருக்கிறதா என்பது. சென்னை-திருச்சி ஓட்ட ஆசைப்படுகிறவர், லண்டன்-நியூயார்க் மட்டுமே ஓட்டும் கம்பெனியில் சேர்ந்து என்ன செய்வது? ஏழெட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியுமா? நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் வீண்.

விமானமும் பொருந்த வேண்டும். புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். புதுச்சேரிக்கு ஏ.டி.ஆர். ஏற்றது. போயிங் 777-ஐ கொண்டு போனால் கதை கந்தல்!

நடுராத்திரி இங்கிலீஷ்

அடுத்தது, கன்ட்ரோல் டவர். அதற்கும் ஆள் உண்டு. "ஐவாவோ" என்ற அமைப்பு 1998-லும், "வாட்சிம்" என்ற அமைப்பு 2001-லும் தொடங்கின. இரண்டிலும் தொண்டர்கள் கன்ட்ரோலராக உட்கார்ந்து, மைக்கில் பேசி விமானங்களை இறக்குகிறார்கள். சேர பணம் வேண்டாம். வாட்சிமில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும். புதிதாக வருபவர் ஒரு சின்ன பரீட்சையும் எழுத வேண்டும்.

சில கம்பெனிகள் இந்த அமைப்புகளில்தான் பறக்க வேண்டும் என்று சொல்லும். சில கம்பெனிகள் கட்டாயப்படுத்தாது. இங்கிலீஷில் பேச கூச்சப்படுகிறவர்கள் இரண்டாவது ரகத்தில் தொடங்கலாம். எழுத்து மூலம் பதில் சொல்லவும் வழி இருக்கிறது.

ஐரோப்பாவில்தான் கன்ட்ரோலர்கள் அதிகம். அங்கே சாயங்காலம் 7 மணி என்றால் இங்கே ராத்திரி 10.30-க்கு மேல் ஆகி விடும். "நடுராத்திரியில யாரோடடா இங்கிலீஷ்ல பேசினு இருக்க?" என்று அம்மா கதவைத் தட்டாமல் இருப்பாரா? காலையில் 6 மணிக்கு வேலைக்கோ, காலேஜுக்கோ ரெயில் பிடிக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மாசத்துக்கு ஒரு விமானமாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை நீக்கி விடுவோம் என்பது பல கம்பெனிகளின் சட்டம். பரீட்சை வந்தால் லீவு தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு செல்போனிலேயே ஓடும் "இன்பினிட் பிளைட்" இருக்கிறது. அதில் உள்ள கம்பெனிகளை சரிபார்த்து அங்கீகாரம் தர உறுப்பினர்களே ஒரு வாரியம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விளையாட்டில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்க தனியாக சந்தா கட்ட வேண்டும்.

இன்று கடை திறப்பு, நாளை கடை மூடல்!

இந்த கம்பெனி தொடங்க லைசென்ஸ் எதுவும் வேண்டாம். "பி.எச்.பி.வி.எம்.எஸ்." என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. விவரம் தெரிந்த பையன் ஒரே நாளில் "ஏர்லைன்" தொடங்கி விடலாம். பரீட்சை வந்ததும் மூடியும் விடலாம். சேர்ந்தவர்கள் சேர்த்து வைத்த மணிக்கணக்கு அதோடு காலி!

ஆகவே எத்தனை வருஷமாக நடக்கிறது, போன வாரம் எத்தனை பேர் பறந்தார்கள், கேள்வி கேட்டால் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சேரும் முன் நாலு நாள் அவர்களுடைய பேச்சை கவனித்தாலே தெரிந்து விடும். புதியவன் தப்பு செய்தால் சொல்லிக் கொடுக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதே முக்கியம்.

பாஸ்வேர்டு திருட்டு

கம்பெனி கொடுக்கும் புரோகிராம் நம் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது. அதிலும் கவனம் வேண்டும்.

2018 பிப்ரவரியில் ஒரு சம்பவம் நடந்தது. சிமுலேட்டருக்கான ஏர்பஸ் விமானத்தை விற்ற ஒரு வெளிநாட்டு கம்பெனி, திருட்டுப் பிரதி வைத்திருப்பவரை பிடிக்கப் போவதாக, பாஸ்வேர்டு உருவும் புரோகிராமை அதற்குள் ஒளித்து வைத்து விட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டரிலும் அது இறங்கியது. உலகம் முழுவதும் கண்டனம் கிளம்பியதும் கம்பெனி அதை எடுத்து விட்டது.

ஓசியில் கிடைக்கிறது என்று கண்ட இடத்தில் இறக்கினால் பேங்க் பாஸ்வேர்டும் சேர்ந்து பறந்து விடும்!

பெற்றோர் கவனத்துக்கு

இதில் 1,000 மணி பறந்தாலும் நிஜ பைலட் ஆக முடியாது. கமர்ஷியல் பைலட் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்த கணக்கு வேண்டும். வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டியது ஒரு நிமிஷம் கூட அதில் சேராது.

நிஜ விமான கம்பெனியின் பெயரும், வண்ணமும் வைத்துக் கொண்டு நடக்கும் கற்பனை கம்பெனிகள் நிறைய உண்டு. "எங்களுக்கும் அந்த கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை" என்று நேர்மையானவர்கள் வெளிப்படையாக எழுதி வைப்பார்கள். அந்த வரி இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

செலவுக்கு நன்கொடை கேட்பது உண்டு. கொடுப்பதும், கொடுக்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் "நல்லா ஓட்டுற தம்பி, நிஜ ஏர்லைன்லயே வேலை இருக்கு. யூனிபாரத்துக்கும், பயிற்சிக்கும் பணம் அனுப்பு" என்று யாராவது பேசினால், அவர் மோசடிக்காரர். வேலைக்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று இண்டிகோ உள்பட விமான கம்பெனிகளே எச்சரித்து இருக்கின்றன.

கம்ப்யூட்டரில் விமானம் விழுந்தால் மறுபடி ஓடுபாதையில் வந்து நிற்கும். அப்பா நெல் விற்று வைத்த பணம் போனால் வராது.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை பேங்கிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.