சனீஸ்வரன் ஊரும் சர்ரே துரையும்

"எந்த ஊர்ப்பா?" என்று ஹாஸ்டலில் யாராவது கேட்டால் "குச்சனூர்" என்பேன். உடனே, "ஓகோ, சனி பகவான் ஊரா? கொஞ்சம் தள்ளியே உட்காரு மச்சி, எனக்கு ஏற்கெனவே மூணு அரியர்!" என்று ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகிவிட்டது. சுயம்பு சனீஸ்வரன், ஆடிச் சனிக்கிழமைக் கூட்டம், எள் தீபம், எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதைத் தாண்டியும் சங்கதி உண்டு நண்பர்களே. மலருக்குக் கட்டுரை கேட்டதும் அதையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து ஊர் சின்னமனூர். அங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடு 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ராஜசிம்ம பாண்டியன் காலத்தது. பாண்டியர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்ததையும் அது சொல்கிறது. இப்பேர்ப்பட்ட ஊரில் நான் பஸ் மாறத்தான் இறங்கியிருக்கிறேன்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒன்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. இஞ்சின் கிடையாது, இழுத்தது மாடு! ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு பெரிய சக்கரம் தரையில். 1908-ல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் மொத்தத்தையும் துடைத்துவிட்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கோட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறின. சீமையில் துரைமார் குடித்த டீ எங்க போடி வழியாகத்தான் போச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சிவில். போன செமஸ்டரில் வகுப்பு செமினாருக்கு முல்லைப் பெரியாறு அணையை எடுத்தேன். சின்ன வயசிலிருந்து தாத்தா சொன்ன கதை இருக்கே, பயமென்ன? "பணம் தீர்ந்ததும் பென்னிகுயிக் இங்கிலாந்து போய், சொத்தையும் மனைவி நகையையும் விற்று அணையைக் கட்டினார்" என்று உணர்ச்சியோடு முடித்தேன். கைதட்டல். சார் மட்டும் தட்டவில்லை. "ஆதாரம்?" என்றார். முழித்தேன்.

நூலகத்தில் தேடினேன். திட்டம் சென்னை மாகாண அரசின் பணத்தில் நடந்தது. அங்கே வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899-லேயே அதன் வரலாற்றை எழுதிவிட்டார். சொத்து விற்றதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் நிஜமாக நடந்தது அதைவிடப் பெரிய கதை. மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் ஆற்றை 1887 முதல் 1895 வரை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணையால் மறித்தார்கள். மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். முதலில் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலேரியாவும் காலராவும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. அணைக்கு அருகில் புதைகுழிகள் இருக்கின்றன. அங்கே கிடப்பவர்களில் பலருடைய பெயர் யாருக்கும் தெரியாது. என் செமினாரில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

குத்தகை வேடிக்கையைக் கேளுங்கள். 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு ஒப்பந்தம், 999 வருஷத்துக்கு! 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷம் 40,000. 1970-ல் ஏக்கருக்கு 30 ஆக்கினார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. ஆனால் சுரங்கத்தின் வாய் 104 அடியில். அதற்குக் கீழே எவ்வளவு தண்ணி கிடந்தாலும் நமக்கு ஒரு சொட்டு வராது. ஆக எங்களுக்குக் கணக்கு 38 அடிதான். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். எங்க ஊரில் ஆட்கள் பேப்பரில் முதலில் அணை மட்டத்தைப் பார்ப்பது சும்மா இல்லை.

லீவுக்குப் போனபோது தாத்தாவிடம் மெல்லச் சொன்னேன்: "துரை சொத்து விக்கலியாம் தாத்தா." சுவரில் பென்னிகுயிக் படம், பக்கத்திலேயே முருகன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வித்தாரோ விக்கலையோ, தண்ணி வந்துச்சா இல்லியா?" என்று துண்டை உதறி வயலுக்குப் போய்விட்டார்.

அந்த மனிதர் 1841-ல் புனேயில் பிறந்தவர். 1911-ல் சர்ரே கவுண்டியின் கேம்பர்லியில் இறந்தார். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் வந்தது; கேம்பர்லியில் 2022-ல் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. அன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு வெள்ளைக்காரருக்குப் பொங்கல் பானை பொங்கும்.

பார்க்க ஆசையா? தேனி வந்து, சின்னமனூரில் பஸ் மாறி வாங்க. சாப்பாடு எங்க வீட்டில். அரியர் வைத்திருப்பவர்கள் எள் தீபத்துக்குச் சொந்தக் காசு கொண்டு வரவும்!