ரேடியேட்டருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

புவனகிரியில் இருந்து கிளம்பி, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, சிதம்பரம் நோக்கிப் போய்க்கொண்டு இருக்கிறீர்கள். வண்டிக்கு வயசு பதினைந்தைத் தொடப் போகிறது. திடீரென்று டாஷ்போர்டில் வெப்பநிலை முள் மேலே ஏறுகிறது. ஓரம் கட்டுகிறீர்கள். கையில் இருக்கும் குடிதண்ணீர் பாட்டிலை ரேடியேட்டரில் ஊற்றினால் முள் இறங்குகிறது. "அப்பாடா, சரியாப் போச்சு" என்று கிளம்பிவிடுகிறீர்கள்.

உண்மையில் எதுவும் சரியாகவில்லை. தண்ணீர் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை இன்றே பார்த்தால் ஒரு ஹோஸ், ஒரு கிளிப் செலவோடு போகும். தள்ளிப்போட்டால் ஹெட் கேஸ்கெட், அப்புறம் இன்ஜின் என்று செலவு ஏறும். வாடகைக்கு ஓட்டுபவர் என்றால் அத்தனை நாள் வருமானமும் போச்சு.

கூலன்ட் என்ன செய்கிறது?

இன்ஜினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டு போவதுதான் கூலன்டின் வேலை. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். எங்காவது கசிந்தால் அந்த அழுத்தம் போய்விடும். அழுத்தம் போனால் சீக்கிரமே கொதிக்கும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். திறந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான்.

வழியில் சூடேறினால்

ஏசியை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் இடதுபக்கமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் தொடலாம். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், சிலிண்டர் ஹெட் விரிசல் விட வாய்ப்பு உண்டு. கடலூர் - சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். அவசர உதவிக்கு 112.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை இருந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறமில்லாத சுத்தமான தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில், வழவழப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது கூலன்ட்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே போன் டார்ச்சை அடித்து இந்த வரிசையில் பாருங்கள்:

1. ரேடியேட்டர் மூடி: உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா? மலிவான பொருள், முதலில் இதை மாற்றிப் பார்க்கலாம்.

2. ஹோஸ், கிளிப்: அழுத்திப் பாருங்கள். உப்பலாகவோ, கொழகொழவென்றோ, வெடிப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டும். கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கினாலே போதும்.

3. ரேடியேட்டர்: கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு தெரியும். பழைய பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் விரிசல் என்றால் மாற்றுவதே நல்லது.

4. வாட்டர் பம்ப்: அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் இருந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

5. வெளியே சொட்டே இல்லை, ஆனால் அளவு குறைகிறது: சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருப்பது, இவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். காற்றழுத்தம் கொடுத்தால் ஓட்டை தன்னாலே காட்டிக்கொடுக்கும்.

மஞ்சள் தூள் போட்டால் நிற்குமா?

நம்ம ஊரில் பலரும் சொல்லும் வைத்தியம் இது. சின்னக் கசிவு தற்காலிகமாக நிற்கலாம். ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வீடு போய்ச் சேர உதவலாமே தவிர, அது பழுதுபார்ப்பு ஆகாது.

போர் தண்ணீர் இன்னொரு பிரச்சினை. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், உலோகம் அரிக்கும், புது ஓட்டை விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். எந்தக் கூலன்ட், எவ்வளவு கலக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். வேறு வேறு வகைகளைக் கலக்க வேண்டாம்.

கழித்த கூலன்டை வாய்க்காலிலோ தெருவிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் குடித்துவிடும். அது விஷம். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஆர்.சி. தேதியையும் பாருங்க

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை நேரில் பரிசோதித்து, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும். 8 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் வண்டியின் தேதி தெரியவில்லையா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரியும். தேதி நெருங்கியிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே கசிவைச் சரிசெய்துவிடுங்கள். பரிசோதனைக்குப் போகும் வழியிலேயே வண்டி ஆவி விட்டு நின்றால் ஒரு நாள் வேலையும் கெடும், அலைச்சலும் மிஞ்சும்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவை ஒரு முறை பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். இன்று இரவே அந்த அட்டையை விரித்து வைக்க மறக்காதீங்க!