சார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்!

அட்டென்டன்ஸ் குறைஞ்சா உடனே கண்டுபிடிக்கிற லெக்சரர், நம்ம மனசு சரியில்லைன்னா கண்டுபிடிப்பாரா? வடசென்னைப் பசங்களுக்கு இது சும்மா கேள்வி இல்லை ஃப்ரெண்ட்ஸ்!

2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்துல கலக்க, மீனவக் குடும்பங்களோட பொழைப்பே முடங்கிச்சு. அதே மாசம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து ஓடினாங்க. 2024 அக்டோபர் 25-ம் தேதி, திருவொற்றியூர் தனியார் பள்ளி ஒன்றில் வாயுக் கசிவுன்னு பரபரப்பு. பிள்ளைங்க மூச்சுத் திணறி மயங்கினாங்க. இப்படிப்பட்ட ஏரியாவுல இருந்து வர்ற ஒரு பையன் கடைசி பெஞ்சுல உம்முன்னு உட்கார்ந்திருந்தா, அது திமிரா, பயமா?

அதைத் தெரிஞ்சுக்க வாத்தியார் டாக்டரா இருக்கணும்னு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு சொல்றது மூணே விஷயம்தான்.

பார்: கலகலன்னு இருந்தவன் திடீர்னு ஒதுங்கினா கவனிக்கணும்.

கேள்: ‘நாங்கல்லாம் அந்தக் காலத்துல...’னு ஆரம்பிக்காம, காது கொடுக்கணும்.

இணை: தன்னால முடியாததை கவுன்சலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ சேர்த்துவிடணும்.

25 மாணவர்களுக்கு ஓர் ஆசிரிய ஆலோசகர் என்ற மாதிரி ஏற்பாடு வேணும்னு யு.ஜி.சி. 2015-லேயே சொல்லிடுச்சு. 2025 ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் கறாரா சொன்னது: 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற கல்வி நிறுவனத்துல தகுதியான கவுன்சலர் ஒருத்தராவது இருக்கணும், ஊழியர்கள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தரணும்.

எல்லாம் சரி, நம்ம பயமே வேற! ‘சொன்னா ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிடுமோ? வீட்டுக்கு போன் போயிடுமோ?’ நியாயமான பயம்தான். மாணவரோட கஷ்டத்தைக் கேட்கிற அதே ஆசிரியர்தான் பெற்றோருக்கு ரிப்போர்ட்டும் தரணும்னு யு.ஜி.சி. விதிமுறையே சொல்லுது. அதனால, பேச ஆரம்பிக்கும் முன்னாடியே, “இது நமக்குள்ளேயே இருக்குமா மேம்?”னு தைரியமா கேட்டுடுங்க. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அவங்க அடுத்தவங்க உதவியைத் தேடித்தான் ஆகணும். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டே செய்றவங்கதான் நல்ல டீச்சர்.

காலேஜ்ல யார்கிட்டயும் மனசு ஒட்டலையா? 14416-க்கு போன் போடுங்க. டெலி மனஸ் சேவை. ராத்திரி பகல் எந்நேரமும், காசில்லாம, தமிழ்லயே பேசலாம். ஆசிரியர்களே, உங்க கிளாஸ்ல உம்முன்னு உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனை, அடுத்த பீரியடுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, “சாப்பிட்டியாப்பா?”னு கேட்டுப் பாருங்களேன்!