தக்காளி இலையின் சுணை

தக்காளிச் செடியைக் கையாண்டு பழகியோர் ஒன்றை அறிவர். சிறிது நேரத்தில் விரல்களில் பச்சை கலந்த மஞ்சள் கறை படியும். காட்டமான மணம் ஒன்றும் உடன் எழும். இலையையும் தண்டையும் போர்த்தியுள்ள நுண்மயிர்கள் நம் விரல் பட்டு உடைவதே இதற்குக் காரணம். தாவரவியலார் டிரைக்கோம் என வழங்கும் இம்மயிர்களுக்குச் சுணை என்னும் நல்ல தமிழ்ச்சொல் முன்பே உண்டு.

தக்காளியின் சுணைகள் பல வகையின. சில வெறும் மயிர்கள். சிறு பூச்சியின் நடைக்குத் தடையாவதோடு அவற்றின் பணி முடிந்துவிடும். வேறு சிலவற்றின் நுனியில் சுரப்பி உண்டு. ஆறாம் வகை எனப்படும் சுணையின் தலையில் நான்கு உயிரணுக்கள் கூடி நிற்கும். பூச்சியின் கால் பட்டதும் அது உடைந்து, உள்ளிருக்கும் வேதிப்பொருள் வெளிப்படும். புழு இலையைக் கடித்தால் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகும். அதன்பின் தளிர்க்கும் இலைகளில் இத்தகைய சுணைகள் மிகுந்து தோன்றும். கடிபட்ட இலைக்கு இதனால் பயனில்லை. வரவிருக்கும் இலைக்கே காப்பு.

எனினும், நாம் பயிரிடும் தக்காளியைக் காட்டிலும் தென் அமெரிக்காவில் வளரும் அதன் காட்டு உறவுகளே இதில் வல்லன. அவற்றுள் ஒன்றான சொலானம் ஹாப்ரோகைட்டிஸில் 2-டிரைடெக்கனோன் என்னும் பொருள் இயற்கைப் பூச்சிக்கொல்லியாக விளங்குவதை 1980ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். புகையிலைக் கொம்புப்புழுவையும் கொல்லவல்லது அது. சொலானம் பென்னெல்லியின் வழி வேறு. அதன் நான்காம் வகைச் சுணைகள், கொழுப்பமிலம் பிணைந்த சர்க்கரைப் பசையைச் சுரக்கின்றன. வெள்ளை ஈ அதில் அமர்ந்து சாறு உறிஞ்ச இயலாது தவிக்கும். மஞ்சள் இலைச்சுருள் நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வதும் அந்த ஈயே. ஆதலால் அதனை அமரவிடாமை நோய்த்தடுப்பும் ஆகிறது.

நம் தக்காளியிலும் நாற்றுப் பருவத்து முதல் இலைகளில் நான்காம் வகைச் சுணை உண்டு. வளர்ந்த செடியின் இலைகளில் இல்லை. பழத்தின் அளவையும் சுவையையும் நோக்கியே மனிதர் தலைமுறை தலைமுறையாக விதை தேர்ந்தனர். இலையை யார் பார்த்தார்? செடியிடம் குறைந்துபோன காப்பை இன்று தெளிப்பான் கொண்டு ஈடுசெய்கிறோம் என்றே கூறத் தோன்றுகிறது.

மீட்பதும் எளிதன்று. காட்டு வகையோடு கலப்புச் செய்தால், பழுத்தும் பச்சையாகவே இருக்கும் அதன் சிறு பழத்தின் பண்புகளும் உடன்வரும். பசைச் சர்க்கரை சுரக்கும் தக்காளியை உருவாக்க முயன்ற கார்னெல் பல்கலைக்கழகத்தார், கலப்பினத்தைப் பயிர்த்தக்காளியோடு மீண்டும் மீண்டும் கலந்து வேண்டாதவற்றைக் களைய நேர்ந்தது. மேலும், சுணைக்குப் பகையும் நட்பும் தெரியா. புழுக்களின் முட்டைக்குள் தம் முட்டையை இடும் நுண்குளவிகளும், சிலந்திப்பேனைத் தின்னும் இரைகொல்லிப் பேன்களும் அதே பசையில் சிக்குகின்றன. அவற்றை வயலில் விட்டுப் பூச்சியை அடக்க எண்ணும் உழவர் சுணை மிகுந்த வகையையும் நடுவாராயின், ஒரு காப்பு மற்றொன்றைக் கெடுக்கக்கூடும்.