பிரஷ் கெட்டுப்போறது நுனியில இல்ல

முதல் சம்பளத்துல எனக்குன்னு நான் வாங்கினது ஒரு பிரஷ். எட்டாம் நம்பர், ரவுண்ட், இயற்கை முடி. விலையை வீட்டுல சொல்லவே இல்ல. மூணே மாசத்துல அது துடைப்பம் மாதிரி விரிஞ்சு போச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைச்சேன். தப்பு என்னோடது.

அக்ரிலிக்ல வரைஞ்சுட்டு இருக்கும்போது போன் வந்தா, பிரஷ்ஷைத் தண்ணி டம்ளர்ல நிறுத்திட்டுப் போயிடுவேன். தண்ணியிலதானே இருக்கு, காயாதுன்னு நினைப்பு. ஆனா பிரஷ்ஷோட மொத்த எடையும் நுனி மேல உக்காருது, நுனி மடங்குது. மரக் கைப்பிடி தண்ணியைக் குடிச்சு ஊதி, மேல இருக்கிற வார்னிஷ் வெடிக்குது. மரம் திரும்பக் காஞ்சு சுருங்கினதும், முடியைப் பிடிச்சிருக்கிற உலோகப் பட்டை ஆட ஆரம்பிக்குது.

அந்தப் பட்டைக்குப் பேரு ஃபெரூல். பிரஷ்ஷோட உயிர் அங்கதான். நுனியில இருக்கிற கலர் கண்ணுக்குத் தெரியும், கழுவிடுவோம். பட்டைக்குள்ள ஏறினது தெரியாது. அது உள்ளேயே கெட்டியாகி முடிகளை அடியிலேர்ந்து விலக்கும். நுனி விரியறது அதனாலதான். வாட்டர்கலர் காஞ்சாலும் தண்ணி பட்டா கரையும். அக்ரிலிக் காஞ்சா பிளாஸ்டிக், தண்ணிக்கு மசியாது. அதுக்கு இயற்கை முடியைக் கொடுத்ததே என் முதல் தப்பு. நைலான் போதும்.

இப்பல்லாம் முடியில பாதிக்கு மேல கலர் ஏற விடமாட்டேன். முடிச்சதும் முதல்ல பழைய துணியில, பட்டையிலேர்ந்து நுனியை நோக்கித் துடைப்பேன். அப்புறம் பச்சைத் தண்ணி. சுடுதண்ணி வேணாம், உள்ளே இருக்கிற பசை இளகிடும். குளிக்கிற சோப்பை உள்ளங்கையில தேய்ச்சு, அதுல பிரஷ்ஷை வட்டமா சுத்துங்க. நுரை வெள்ளையா வந்தா ஏமாந்துடாதீங்க. பட்டைக்குப் பக்கத்துல விரலால அமுக்கிப் பாருங்க, இன்னும் கலர் வரும். அது நிக்கிற வரைக்கும் கழுவணும்.

ஆயில் பெயிண்ட்னா சோப்புக்கு முன்னாடி டர்பன்டைன்ல அலசணும். அந்த டர்பன்டைனை சிங்க்ல ஊத்தாதீங்க. மூடின பாட்டில்ல வச்சா கலர் அடியில தங்கும், தெளிஞ்சதைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆளிவிதை எண்ணெய் ஊறின துணியைக் கசக்கிக் குப்பையில போடவே கூடாது. தானா சூடேறித் தீப்பிடிக்கும், நிஜமாவே. விரிச்சுக் காயப் போடுங்க.

கழுவினதும் விரலால நுனியைக் கூராக்கி, மேசை ஓரத்துல படுக்க வைங்க, முடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும். ஈரத்தோட நிமிர்த்தி வச்சா தண்ணி பட்டைக்குள்ள இறங்கும். நல்லா காஞ்சப்புறம் டம்ளர்ல நிக்கட்டும். ஈரத்தோட டப்பாவுல மூடினா, சென்னை மழைக்காலத்துல பூஞ்சை நிச்சயம். இயற்கை முடியைப் பூச்சியும் அரிக்கும். ரொம்ப நாள் எடுக்கப் போறதில்லன்னா மட்டும், காஞ்சதை மூடி வைங்க.

அந்த எட்டாம் நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. புல்லு வரைய இப்போ அதைத்தான் எடுக்கிறேன்.