இடம் உண்டு, சமவாய்ப்பு உண்டா?

டிரினிடாட் - டொபேகோ என்னும் கரீபியத் தீவு நாட்டில், தொடக்கப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு சிறாரும் ‘எஸ்.இ.ஏ.’ என்ற இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். அப்போது அவர்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான்.

இதன் வேர், 1960-இல் அரசும் சமய அமைப்புகளும் செய்துகொண்ட ‘கான்கார்டாட்’ உடன்பாட்டில் இருக்கிறது. அதன்படி, அரசு உதவி பெறும் சமயப் பள்ளிகளில் 80 சதவீத இடங்கள் தேர்வு முடிவின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 20 சதவீதம் வரையிலான இடங்கள் தலைமையாசிரியரின் விருப்புரிமைக்கு உரியவை.

முன்பு, தேர்வில் பின்தங்கிய பலருக்குப் பள்ளிக் கதவே மூடப்பட்டது. 2000-இல் அனைவருக்கும் இடைநிலைக் கல்வி என்பது நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே பழைய பொது நுழைவுத் தேர்வு எஸ்.இ.ஏ.வாக மாறியது. இது பெரும் சாதனைதான். ஆனால், ‘இடம் கிடைக்குமா?’ என்ற அச்சம் போய், ‘எந்தப் பள்ளியில்?’ என்ற அச்சம் வந்தது. பெயர்பெற்ற பள்ளிகள் சிலவே என்பதால், தனிப்பயிற்சிக்குச் செலவிட முடிந்த குடும்பங்கள் முந்திக்கொள்கின்றன.

தேர்வின் பெயரை மாற்றுவதால் இந்த ஏற்றத்தாழ்வு தீராது. எந்தப் பள்ளி கிடைத்தாலும் நல்ல கல்வி கிடைக்கும் என்று பெற்றோர் நம்பும் நிலை வர வேண்டும். அன்றுதான் பதினோரு வயதுப் பிள்ளையின் தோளிலிருந்து அந்தச் சுமை இறங்கும்.